கிளாம் மெட்டல் டெமோ கேசட்டைக் கெடாமல் கணினிக்கு ஏற்றுவது எப்படி

1980களின் முதல் பாதியில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப்பில் மேடையேறிய கிளாம் மெட்டல் (பளபளப்பு உடையும் ஒப்பனையுமாக வாசித்த கனராக்) இசைக்குழுக்களுக்கு, வாய்ப்புத் தேடி எடுத்த மாதிரிப் பதிவான டெமோ கேசட்தான் விசிட்டிங் கார்டு. மூன்று நான்கு பாட்டு, உறையில் ஜெராக்ஸ் எடுத்த குழுப்படம், அடியில் ஒரு தொலைபேசி எண். கிளப் நடத்துபவர், வானொலிக்காரர், ரெக்கார்டு கம்பெனி ஆள் என்று கண்ணில் பட்டவர்கள் கையிலெல்லாம் அதைத் திணித்தார்கள். மாஸ்டர் நாடா (மூலப் பதிவு) தொலைந்துபோன டெமோவுக்கு யாரோ பிரதி எடுத்த அந்தக் கேசட்தான் மிஞ்சிய ஒரே சாட்சி. அதை ஏற்றும் வேலையில் தவறினால் இழப்பு நமக்கு மட்டுமல்ல.

பெரும்பாலானவர்கள் நேரத்தைச் செலவழிப்பது இரைச்சல் நீக்கும் மென்பொருளில். உண்மையில் ஒரு டெமோ நன்றாக ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: ஹெட்டின் (டெக்கில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம்) சாய்வுக் கோணம், ஓட்ட வேகம். முதலாவதை ஓட்டும்போதே சரிசெய்தாக வேண்டும். பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. இரண்டாவதைப் பிறகு கணக்குப் போட்டுத் திருத்தலாம், ஆனால் அதற்கான ஆதாரம் நாடாவிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஓட்டுவதற்கு முன்

கேசட்டை உடனே டெக்கில் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று இடங்களைப் பாருங்கள். நாடா ஹெட்டைத் தொடும் வாயின் நடுவில், செம்புத் தகட்டின் மேல் ஒரு சிறிய கம்பளித் திண்டு இருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டோடு ஒட்டாது. ஒலி மங்கி, ஏறி இறங்கும். அடுத்து, இரண்டு சுருள்களின் மேற்பரப்பு. சமமாக இருந்தால் நல்லது; படிபடியாக மேடு பள்ளம் தெரிந்தால் நாடா ஒழுங்காகச் சுற்றப்படவில்லை, வேகமாகச் சுழற்றினால் சிக்கும். மூன்றாவது, வெள்ளைப் பொடி. சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களில் பத்து வருடம் அலமாரியில் கிடந்த கேசட்டில் பூஞ்சை சாதாரணம். பூஞ்சை கண்ட கேசட்டை மற்றவற்றோடு வைக்காதீர்கள், நல்ல டெக்கிலும் போடாதீர்கள். முகமூடி அணிந்து, கேசட்டின் கூட்டைத் திறந்து, உலர்ந்த மென்துணியால் சுருளின் பக்கவாட்டைத் துடைத்த பிறகே அடுத்த வேலை.

பென்சிலைச் சுருளின் துளைக்குள் விட்டு ஒரு பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றி, நிறமற்ற முன்நாடா காந்த நாடாவோடு சேரும் ஒட்டைப் பாருங்கள். அந்த ஒட்டுதான் முதலில் விட்டுப்போகும். விட்டிருந்தால் கேசட்டுக்கென்றே விற்கும் ஒட்டுநாடாவை மட்டும் பயன்படுத்துங்கள். செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டி, அங்கேயே நாடாவைக் கிழிக்கும்.

கூட்டில் ஐந்து திருகாணி இருந்தால் திறப்பது எளிது. ஒட்டி மூடிய கூடாக இருந்தால் மெல்லிய கத்தியால் விளிம்பைப் பிளக்க வேண்டும். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: சுருள்களை அப்படியே எடுத்து, நல்ல திண்டும் உருளையும் உள்ள வேறு திருகாணிக் கூட்டில் வைப்பது. திறக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்பது திறந்தபின் நினைவில் நிற்காது. பழைய கூட்டை எறியாதீர்கள், அதன் லேபிளும் ஆதாரம்தான்.

நாடாவின் நீளமும் கவனத்துக்குரியது. சி-60 (மொத்தம் 60 நிமிடம் ஓடும்) நாடா ஏறக்குறைய 18 மைக்ரான் தடிமன், சி-90 ஏறக்குறைய 12, சி-120 வெறும் 9. சி-120 ஆக இருந்தால் வேகமாக முன்னோக்கியோ பின்னோக்கியோ சுழற்றவே வேண்டாம்.

ரீல் நாடாவாகக் கிடைத்தால் கதை வேறு. அக்கால ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்கிய ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களின் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஓட்டினால் ஹெட்டில் பழுப்புக் களிம்பு அப்பும். அவற்றை 54 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சீரான சூட்டில் வைத்து, ஆறவிட்ட பிறகே ஓட்டுவார்கள். வீட்டு அவனில் இதை முயலாதீர்கள். அதன் வெப்பம் அந்த அளவுக்கு நிலையாக நிற்காது. கேசட்டுக்கு இந்தச் சூடாக்கல் பொதுவாகத் தேவையில்லை.

டெக்

மூன்று ஹெட் உள்ள, ஒரு திசையில் மட்டும் ஓடும் டெக் வேண்டும். தானாகத் திசை மாற்றும் டெக் பலவற்றில் ஹெட்டே சுழலும், அதனால் கோணம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். யூஎஸ்பி செருகும் மலிவு வாக்மேன் வகைகள் இந்த வேலைக்கு ஆகாது. மோட்டார் நடுக்கம் பாட்டிலேயே கேட்கும். 1982ல் வந்த நகமிச்சி டிராகன் ஓட்டும்போதே கோணத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும். கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் அது இல்லாமலும் வேலை நடக்கும்.

99 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு ஹெட்டையும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரம் குறைவாக, உடனே உலர்த்தி. ஒவ்வொரு பக்கம் ஓடி முடிந்ததும் மறுபடி துடையுங்கள். குச்சியில் பழுப்பு அதிகம் வந்தால் நாடா உதிர்கிறது. அடுத்த பக்கத்தைத் தொடாமல் நிறுத்துங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்பேஸின் (ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) லைன் இன்னுக்கு. மடிக்கணினியின் மைக் துளைக்கு அல்ல. அது ஒற்றைத் தடம், தானே சத்தத்தை ஏற்றி இறக்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு நிமிடத்துக்கு சுமார் 35 எம்பி வரும். சி-60 முழுவதும் ஏறக்குறைய 2 ஜிபி. உச்சச் சத்தம் கழித்தல் 10 டெசிபல் அருகே நிற்கட்டும். டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறை இல்லாத கேசட்டில் உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியே 50 முதல் 55 டெசிபல் அளவுதான். 24 பிட்டில் கொஞ்சம் தாழ்த்தி எடுப்பதால் எதுவும் போகாது. சிவப்பைத் தொட்டால் போனது போனதுதான்.

கோணம்

இந்த ஒரு திருகாணியில் இருக்கிறது பாதி வேலை. ஹெட்டின் இடுக்கு நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். டெமோக்களைக் குழுவினரே வீட்டு இரட்டை டெக்கில் பிரதி எடுத்தார்கள். அந்த டெக்கின் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் ஒத்துப்போக எந்தக் காரணமும் இல்லை. ஒத்துப்போகாதபோது ஹை-ஹாட், சிம்பல், கிட்டாரின் மேல்முனைக் கூர்மை எல்லாம் போர்வைக்குள் போய்விடும். கேட்பவர் 'டெமோதானே, இப்படித்தான் இருக்கும்' என்று நினைத்துவிடுகிறார். பல நேரம் அது டெமோவின் குறை அல்ல.

செய்முறை இப்படி. கேசட் கதவின் முன்தகட்டைக் கழற்றினால் ஹெட்டின் இரு பக்கமும் திருகாணி தெரியும். சுருள்வில்லோடு இருப்பதுதான் கோணத் திருகாணி, பெரும்பாலும் ஒரு துளி வண்ணம் அதன்மேல் பூட்டாக இருக்கும். அதன் தற்போதைய நிலையைக் கூர்பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். டால்பியை அணையுங்கள். இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்து மோனோவில், ஹெட்போனில் கேளுங்கள். ஸ்டீரியோவில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும், மோனோவில் ஒளிய இடமில்லை. காந்தமேறாத சிறிய திருப்புளியால் எட்டில் ஒரு சுற்று வீதம் திருகுங்கள். ஹிஸ் சத்தமும் (நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல்) சிம்பலும் திடீரென்று திறந்துகொள்ளும் இடம் ஒன்று வரும். அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, நடுவில் நிறுத்துங்கள். இரண்டாம் பக்கத்துக்கு இதையே மறுபடி செய்யுங்கள், ஒரே கோணம் இரண்டுக்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். ஒரே பக்கத்தில் பாட்டுக்குப் பாட்டு மாறுவதும் உண்டு. வேறு வேறு நாளில், வேறு டெக்கில் சேர்த்த பாட்டுகள் என்பதற்கு அது அடையாளம்.

சிறந்த இடத்தைப் பிடித்த பிறகும் மோனோவில் ஒலி குடம்போல் உள்ளீடற்றுக் கேட்டால், தவறு முந்தைய தலைமுறைப் பிரதியில் பதிந்துபோய்விட்டது. அதைத் திருகாணி தீர்க்காது. கணினியில் ஒரு தடத்தை மட்டும் ஒன்று முதல் எட்டு சாம்பிள் வரை முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள் (96 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் சுமார் 10 மைக்ரோ வினாடி). கொஞ்சம் மீளும். இதைப் பிரதியில் செய்யுங்கள், மூலக் கோப்பில் அல்ல.

டால்பியும் நாடா வகையும்

முதல் ஓட்டத்தை எப்போதும் டால்பி அணைத்தே எடுங்கள்; அதுவே காப்பகக் கோப்பு. நாடா தாங்கும் நிலையில் இருந்தால் இரண்டாம் ஓட்டம் டால்பி போட்டு. இதற்கும் கோணம் முதலில் சரியாக இருக்க வேண்டும். டால்பி பி மேல் அதிர்வெண்ணின் அளவைப் பார்த்துத்தான் எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுக்கிறது. கோணத் தவறால் ஏற்கெனவே மங்கிய ஒலியை அது இன்னும் மங்கவைக்கும். சிம்பல் அடி விழும்போதெல்லாம் ஹிஸ் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கினால், அளவு பொருந்தவில்லை அல்லது டால்பியில் பதிந்த நாடாவே இல்லை. உறையில் டால்பி முத்திரை அச்சாகியிருப்பது ஆதாரம் ஆகாது. அது வெற்றுக் கேசட் நிறுவனம் அச்சடித்த உறையாக இருக்கலாம்.

குரோம் வகை நாடாவின் கூட்டில், பதிவுத் தடைத் துளையை ஒட்டி இன்னொரு பள்ளம் இருக்கும். டெக் அதைப் பார்த்து 70 மைக்ரோ வினாடி சமன்பாட்டுக்கு (ஈக்வலைசேஷன்: மேல் அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற அமைப்பு) தானாக மாறும். குரோம் நாடாவில் 120 மைக்ரோ வினாடிப் பதிவும் புழக்கத்தில் இருந்தது. ஒலி மூடிக்கிடந்தால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பாருங்கள். டெக் 120க்குப் போகும், மேல் அதிர்வெண் ஏறக்குறைய 4.7 டெசிபல் உயரும். கூட்டை மாற்றியிருந்தால் இதை இன்னும் கவனியுங்கள்: மாற்றுக்கூட்டின் பள்ளம் மூல நாடாவின் வகையோடு பொருந்துகிறதா?

பாதி வேகத்தில் பின்னோக்கி ஓடினால்

கேசட்டைப் போட்டதும் பாட்டு பாதி வேகத்தில் ஊளையிட்டு, திருப்பிப் போட்டால் பின்னோக்கி ஓடினால் மகிழுங்கள்: கையில் இருப்பது பிரதி அல்ல, நான்கு தட மாஸ்டர். 1979ல் டியாக் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144 நான்கு தடங்களையும் ஒரே திசையில், வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் என்ற இரட்டை வேகத்தில் பதிந்தது. அதில் டால்பி பி. அடுத்து வந்த 244ல் டிபிஎக்ஸ் (இன்னொரு இரைச்சல் குறைப்பு முறை). ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15 நான்கு தடம்தான், ஆனால் சாதாரண வேகம், டால்பி பி. டாஸ்கம் போர்ட்டா ஒன் சாதாரண வேகம், டிபிஎக்ஸ். ஆக, 'சரியான வேகத்தில் ஓடுகிறது, ஆனால் இடப்பக்கம் டிரம் மட்டும், வலப்பக்கம் பாஸ் மட்டும், மறுபக்கம் பின்னோக்கி' என்றாலும் நான்கு தடம்தான்.

அதே வகைக் கருவியைத் தேடிப்பிடித்து நான்கு தடங்களையும் ஒரே நேரத்தில் எடுப்பதே சரியான வழி. சாதாரண டெக்கில் இரண்டு பக்கமாக எடுத்து, வேகத்தை இரட்டித்து, ஒரு ஜோடியைத் திருப்பி ஒட்டலாம். ஆனால் இரண்டு ஓட்டங்களும் ஒரே வேகத்தில் இருக்காது, அரை நிமிடத்தில் டிரம்மும் கிட்டாரும் விலகத் தொடங்கும். சமன்பாடும் பாதி வேகத்தில் தவறாகவே விழும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய மட்டும் இந்த வழி போதும். டிபிஎக்ஸ் பிரிக்கப்படாமல் ஓடினால் ஒலி கூர்மையாக, இரைச்சலோடு திணறும். அதை ஈக்வலைசரால் அடக்க முயலாதீர்கள், பிரிக்கும் கருவி வேண்டும்.

வேகம்: ஹம் சொல்லும் உண்மை

கேசட் டெக்குகள் ஒன்றிரண்டு சதவீதம் தவறாக ஓடுவது சகஜம். ஒரு சதவீதம் என்றால் சுமார் 17 சென்ட் (ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஆறு சதவீதம் ஏறக்குறைய ஒரு முழு அரைச்சுரம். மூன்று தலைமுறை பிரதி எடுத்தால் தவறுகள் கூடும். வேகமாக ஓடும் டெமோவில் பாடகர் இளைஞராகவும் குழு வெறியோடு வாசிப்பதாகவும் கேட்கும். அதை வைத்து 'ஆல்பத்தைவிட டெமோவில் துடிப்பு அதிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

கிட்டாரை வைத்து அளப்பது இந்த இசையில் வழுக்கும் பாறை. கன்ஸ் அன் ரோசஸ் அரைச்சுரம் இறக்கிச் சுருதி வைத்தவர்கள்; மோட்லி க்ரூ 1983 ஆல்பத்தில் முழுச்சுரம் இறக்கினார்கள். சாதாரணச் சுருதியில் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அரைச்சுரம் இறங்கினால் 77.8, முழுச்சுரம் இறங்கினால் 73.4. நீங்கள் அளந்தது 80 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சுருதி மூன்று சதவீதம் மெதுவாக ஓடுகிறதா, இறக்கிய சுருதி மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறதா? தந்தி சொல்லாது. குழு பின்னாளில் வைத்த சுருதியும் சொல்லாது, ஏனென்றால் டெமோ காலத்தில் அவர்கள் வேறு சுருதி வைத்திருக்கலாம்.

சொல்வது மின்சாரம். அமெரிக்க மின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ், அதிலிருந்து மிகச் சிறிதே விலகும். கிட்டார் ஆம்பிளிபயர்கள் முழு ஒலியில் உறுமிக்கொண்டிருந்த அறையில் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று வினாடிகளில் 60, 120, 180 என்று ஹம் (மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரம்) பதிந்தே இருக்கும். அதை அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த அமைதியான துண்டை மட்டும் வெட்டி, தனிக் கோப்பாக்கி, 8000 ஹெர்ட்ஸுக்கு மறுசாம்பிள் செய்யுங்கள். மூலம் 96 கிலோஹெர்ட்ஸில் இருந்தபடி அளந்தால் அலைமாலைப் படத்தின் (ஸ்பெக்ட்ரம்: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) கட்டங்கள் மிக அகலம், பயனில்லை. 8000ல் 16384 அளவு வைத்தால் ஒரு கட்டம் அரை ஹெர்ட்ஸ், இரண்டு வினாடி ஒலி போதும். 65536 வைத்தால் எட்டில் ஒரு பங்கு ஹெர்ட்ஸ், ஆனால் எட்டு வினாடிக்கு மேல் ஹம் வேண்டும். 60ஐ அளக்காமல் 180 அருகே உள்ள மேட்டை அளந்து பாருங்கள். அளவுப் பிழை மூன்றில் ஒன்றாகக் குறையும். அது 176.4ல் நின்றால்: 180 வகுத்தல் 176.4, அதாவது 1.0204. வேகத்தை 2.04 சதவீதம் கூட்டுங்கள். 'வேகத்தையும் சுருதியையும் மாற்று' என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள், 'தாளகதியை மட்டும்' மாற்றுவதை அல்ல. பின்னது நாடாவில் நடக்காத ஒன்றைச் செய்கிறது.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, உங்கள் அறையின் ஹம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேசட் இல்லாமல் டெக்கை மட்டும் பதிந்து பாருங்கள், 50, 100, 150ல் கோடு விழுந்தால் அது உங்களுடையது, நாடாவுடையது அல்ல. வேலைக்கு இது உதவியே: 60ஐச் சுற்றி விழும் கோட்டோடு குழம்பாது. ஆனால் நாடாவிலேயே 50ஐ ஒட்டி, சற்று விலகி ஒரு கோடு இருந்தால் அந்தப் பிரதி ஐரோப்பா போன்ற 50 ஹெர்ட்ஸ் நாட்டில் எடுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, பல கோடுகள். 59.1, 60.4, 61.0 என்று மூன்று மேடு தெரிந்தால் மூன்று தலைமுறை ஹம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறது. குழு வாசித்த அறையின் ஹம் எது? பாட்டுக்குப் பாட்டு நடுவே நாடா நிறுத்தப்பட்ட இடத்தில் நின்று, மறுபடி பாட்டோடு தொடங்குவது எதுவோ அது. இடைவெளியிலும் விடாமல் ஓடுவது பிரதி எடுத்த டெக்குடையது. கோடுகளின் எண்ணிக்கையே 'குறைந்தது இத்தனை தலைமுறை' என்றும் சொல்லிவிடுகிறது. 'மாஸ்டரிலிருந்து நேராக எடுத்தது' என்று விற்பவர் சொல்லும் கேசட்டில் மூன்று கோடு இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, பேட்டரி ரெக்கார்டர். ஒத்திகை அறையில் பேட்டரியில் ஓடிய கருவி, பேட்டரி இறங்க இறங்க மெதுவாகப் பதியும். சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு கடைசியை நோக்கிச் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒரே எண்ணால் இதைத் திருத்த முடியாது. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆம்பிளிபயர் ஹம்மைத் தனித்தனியாக அளந்து, பாட்டு வாரியாகத் திருத்துங்கள்.

இது எந்த வகை டெமோ? எப்போது?

வேகம் திருத்திய கோப்பை வைத்துத்தான் இதைக் கேட்க வேண்டும். பாய்சன், மோட்லி க்ரூ போன்ற ஒற்றைக் கிட்டார் குழுக்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: கிட்டார் தனி வாசிப்பு வரும்போது அடியில் ரிதம் கிட்டார் தொடர்கிறதா? தொடர்ந்தால் பல தடத்தில் மேலே சேர்த்துப் பதிந்தது. தனி வாசிப்பின்போது கீழே பாஸும் டிரம்மும் மட்டும் மிஞ்சி வெறிச்சென்று இருந்தால் நேரடியாக வாசித்துப் பதிந்தது. டிரம் முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்து, பாஸோடு ஒட்டி, மேல் அதிர்வெண் தேய்ந்து, பாட்டுக்குரல் மட்டும் பளிச்சென்று இருந்தால் நான்கு தடக் கருவியில் மூன்று தடத்தை ஒன்றாக மாற்றி இடம் பிடித்திருக்கிறார்கள்.

வாசிப்பவர்கள் பின்னாளைய குழுவினர்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜான் பான் ஜோவி 1982ல் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷனில் பதிந்த, 1983ல் வானொலி வழியே அவரை அறிமுகப்படுத்திய பாட்டில் வாசித்தவர்கள் ஸ்டூடியோ கலைஞர்கள்; பான் ஜோவி குழு பிறகுதான் சேர்ந்தது. பாய்சனில் சி.சி. டெவிலுக்கு முன் மாட் ஸ்மித் கிட்டார் வாசித்தார். ராட் குழுவின் முன்வடிவத்தில் ஜேக் ஈ. லீ இருந்தார். தனி வாசிப்பின் கைப்பாணியைக் கேட்டு ஆளை அடையாளம் காண்பது, உறையில் பின்னால் யாரோ எழுதிய பெயரை நம்புவதைவிட மேல்.

அதிகாரபூர்வமாக வந்தவற்றோடு முதலில் ஒப்பிடுங்கள். மோட்லி க்ரூவின் முதல் ஆல்பம் 1981ல் அவர்களுடைய சொந்த லெதுர் லேபிளில் ஒரு கலவையாகவும், 1982ல் எலெக்ட்ரா வழியே தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரின் மறுகலவையாகவும் வந்தது. முதல் கலவையைக் கேசட்டில் கேட்டவர்கள் 'டெமோ' என்று முத்திரை குத்திய பிரதிகள் இன்னும் உலவுகின்றன. கன்ஸ் அன் ரோசஸின் முன்னோடியான ஹாலிவுட் ரோஸின் 1984 டெமோக்கள் 2004ல் வெளியாயின. நாசரேத் குழுவின் மேனி சார்ல்டன் 1986ல் சவுண்ட் சிட்டியில் கன்ஸ் அன் ரோசஸை வைத்துப் பதிந்தவை 2018ன் பெரிய பெட்டிப் பதிப்பில் வந்துவிட்டன. கையில் உள்ளது அவற்றின் மங்கிய பிரதியா, வேறு டேக்கா (இன்னொரு முறை வாசித்துப் பதிந்ததா) என்பதை இரண்டு கோப்பையும் அருகருகே அடுக்கி டிரம் நிரப்பல்களை ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேதிக்கு உறையின் தொலைபேசி எண் அருமையான சாட்சி. லாஸ் ஏஞ்சலிஸ் முழுவதற்கும் 213 என்றிருந்த முன்னெண்ணிலிருந்து சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு 1984 ஜனவரியில் 818 ஆகப் பிரிந்தது. 818 என்று அச்சானால் உறை அதற்குப் பிந்தியது. வான் நைஸ், ரெசீடா போன்ற அந்தப் பள்ளத்தாக்கு முகவரியோடு 213 இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஹாலிவுட் முகவரிக்கு 213 இருப்பது எதையும் நிரூபிக்காது, அது அப்போது மாறவில்லை. சான் டியேகோ 1982ல் 714லிருந்து 619 ஆனது. அஞ்சல் குறியீட்டில் ஐந்து இலக்கத்துக்குப் பின் கோடிட்டு நான்கு இலக்கம் இருந்தால் 1983க்குப் பிந்தியது. கேசட் நிறுவனங்களின் கூட்டு வடிவமும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாறியது; ஆனால் அது 'இதற்கு முன் அல்ல' என்று மட்டுமே சொல்லும், வெற்றுக் கேசட்டை எத்தனை வருடம் கழித்தும் பயன்படுத்தலாம். உறையைப் பிறருக்குக் காட்டும்போது எண்ணை மறைத்துவிடுங்கள், இன்று அது வேறு யாருடையதோ.

போலியைப் பிடிக்க அலைமாலைப் படத்தின் உச்சியைப் பாருங்கள். உண்மையான கேசட்டின் இசை மேலே போகப் போகத் தேயும், ஹிஸ் மட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தொடரும். 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் வைத்ததுபோல் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தால் அது எம்பி3லிருந்து வந்தது. 15.73 கிலோஹெர்ட்ஸ் அருகே மெல்லிய கோடு விடாமல் ஓடினால் அமெரிக்கத் தொலைக்காட்சித் திரையின் விசில்; ஒலி வீடியோ நாடாவிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். நாடா அவ்வளவு மேல் வரை தாங்கியிருந்தால் அந்தக் கோட்டை வைத்தும் வேகத்தைச் சரிபார்க்கலாம். 19 கிலோஹெர்ட்ஸ் கோடு எஃப்எம் ஒலிபரப்பின் அடையாளம்.

சேமிப்பு

காப்பகக் கோப்பில் கை வைக்காதீர்கள்: வேகத் திருத்தம் இல்லை, இரைச்சல் நீக்கம் இல்லை, தொடக்க அமைதி வெட்டப்படவில்லை. அந்த அமைதியில்தான் ஹம் இருக்கிறது. அதை வேவ் அல்லது ஃபிளாக் (FLAC) வடிவில், சரிபார்ப்புக் குறியீட்டோடு, இரண்டு வட்டிலும் வேறு ஊரில் ஒன்றிலுமாக வையுங்கள். திருத்திய பிரதி தனிக் கோப்பு. கூடவே ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதுங்கள்: கேசட் வகை, டெக்கின் பெயர், டால்பி இருந்ததா, சமன்பாடு எது, அளந்த ஹம், கூட்டிய சதவீதம், கோணம் பாட்டுக்குப் பாட்டு மாறியதா. அடுத்து எடுப்பவர் உங்கள் திருத்தத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எண் இருந்தால்தான் இரண்டும் முடியும்.

இரைச்சல் நீக்குவதானால் மிகக் குறைவாக. ஒவ்வொரு பிரதியிலும் ஹிஸ் கூடத்தான் செய்யும் (இரண்டாம் தலைமுறையில் சுமார் 3 டெசிபல்), ஆனால் காது அதை விரைவில் மறந்துவிடுகிறது. மென்பொருள் விட்டுச்செல்லும் நீருக்கடி முனகலைக் காது மறப்பதில்லை, சிம்பலோடு சேர்ந்து அதுதான் கேட்கும்.

வெளிவராத பதிவின் உரிமை குழுவுக்கோ, பணம் போட்டவருக்கோ, ஸ்டூடியோவுக்கோ இருக்கும். கேசட் கையில் இருப்பதால் அது நமக்கு வந்துவிடாது. பொதுவில் ஏற்றும் முன் குழுவின் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் இரண்டு நிமிட மாதிரியும் அனுப்புங்கள். மறுபதிப்புக்காக அவர்களே இத்தகைய நாடாக்களைத் தேடுவதுண்டு. அப்போது அவர்கள் முதலில் கேட்பது திருத்தாத அந்தக் காப்பகக் கோப்பைத்தான்.

நாடாவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருமுறை சாதாரண வேகத்தில் ஓடவிட்டு, அந்த நிலையிலேயே நிற்கவைத்துப் பெட்டியில் வையுங்கள், சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலத்தோடு, ஒலிபெருக்கிக் காந்தத்திலிருந்து தள்ளி. டெக்கின் கோணத் திருகாணியை நீங்கள் குறித்த பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நன்கு தெரிந்த ஒரு கம்பெனிக் கேசட்டை மோனோவில் கேட்டுச் சரிபாருங்கள்.